எட்டாம் நம்பர் வழியாக

ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்தில் மறுபடியும் முட்டிக்கொண்டு நின்றது. மேலே டென்ஸில், கீழே கிளைவ், நடுவில் ஆளில்லாத வெறும் ஸ்ட்ரெச்சர். ஒத்திகைதான், இருந்தும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. டென்ஸில் அதைச் சாய்த்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், ஒரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். சுவரிலிருந்து சுண்ணாம்பு பெயர்ந்து கிளைவின் கறுப்புக் கோட்டில் விழுந்ததுதான் மிச்சம்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, சுவரு போச்சு" என்றான் கிளைவ்.

"அது ஏற்கெனவே போன சுவருதான். விடுங்க" என்றாள் மேரியன்.

அவள் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி போட்ட ஸ்வெட்டர், காலில் அப்பாவின் கம்பளிச் சாக்ஸ். அவளுக்குப் பின்னால், பாதி திறந்த கதவுக்கு உள்ளே, அவளுடைய அப்பா ஆம்ப்ரோஸ் டோவி கட்டிலில் கிடந்தார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தே ஆயுளைக் கழித்தவர். விடியும் முன்னே போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்து, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியாயிற்று. இனி கீழே இறக்கி வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அது இவ்வளவு பெரிய வேலையாக இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை.

"போன்ல பேசும்போது படி எப்படின்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

டென்ஸில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அறுபது வயது, நல்ல மனுஷன், சவ அடக்கத் தொழிலில் முடி நரைத்தவர். "கேக்கணும்னு தோணலம்மா. இந்த வரிசை எனக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டு கார்ஸ்வெல் ஐயாவை நாந்தான் இறக்கினேன். இதே மாதிரி மேல்மாடிதான். சும்மா வழுக்கிக்கிட்டு இறங்குனார். எல்லா வீடும் ஒண்ணுதானேன்னு நெனச்சிட்டேன்."

"முகப்புதான் ஒண்ணு."

"அது இப்பத்தான் தெரியுது."

அந்த வரிசையைப் பார்க்கிற எவரும் செய்கிற தப்புதான் அது. தெருவிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு வீடுகளும் சேர்ந்து ஒரே அரண்மனை. முதல் மாடியில் ஆள் உயரத்தைத் தாண்டிய ஜன்னல்கள், அதற்கு மேல் கொஞ்சம் சின்னவை, அதற்கும் மேல் இன்னும் சின்னவை, உச்சியில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மேல்மாடி. நூல் பிடித்தது போல ஒரு பிசகு இருக்காது. ஆனால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்து கொடுத்த மகராசன் முன்சுவரை மட்டும்தான் வரைந்தான். அந்தச் சுவரை முதலில் எழுப்பிவிட்டு, பின்னால் உங்கள் சௌகரியம் போலக் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு துண்டாக விற்றுவிட்டார்கள். அவரவர் கொத்தனார், அவரவர் கைக்காசு. ஒரு வீட்டுத் தரை அடுத்த வீட்டுத் தரையோடு ஒட்டாது. ஒரே மாதிரித் தெரிகிற ஜன்னல் ஒரு வீட்டில் முழங்காலுக்கு வரும், அடுத்த வீட்டில் நெஞ்சுக்கு வரும்.

இந்த வீட்டை, ஏழாம் நம்பரை, கட்டியவனுக்கு இரண்டாம் மாடியோடு காசு தீர்ந்துபோயிற்று. அதுவரை கல் படி, இரும்புக் கைப்பிடி, ராஜா இறங்கி வரலாம். அங்கிருந்து மேலே மூலையில் திருகாணி போல ஒரு மரப்படி. வேலைக்காரர்கள்தானே ஏறப்போகிறார்கள் என்று விட்டிருப்பான். சாமான் எதுவானாலும் கழற்றித்தான் அதில் ஏற்ற வேண்டும். மனுஷனைக் கழற்ற முடியாது.

அப்படியானால் அந்தக் கிழவர் ஏன் மேலே படுத்தார் என்று கேட்கலாம். டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டாள், மேரியன் தொண்டை கிழியக் கேட்டாள். ஆம்ப்ரோஸின் அப்பா அம்மா இந்த வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்கள். நல்ல அறைகள் காசு கொடுக்கிறவர்களுக்கு, குடும்பத்துக்குக் கூரைக்குக் கீழே. வாடகைக்காரர்கள் போய், பெற்றவர்கள் போய், பெண்டாட்டியும் போன பிறகும் அவர் இறங்கி வரவில்லை. முதல் மாடியில் மூன்று பெரிய ஜன்னல் வைத்த கூடம் துணி போர்த்திக் கிடந்தது. போன வருஷம் மேரியன் அங்கே கட்டில் போட்டு, புது மெத்தை விரித்து, கணப்பைக்கூட மூட்டி வைத்தாள். அவர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய ரூம்ல யாரு தூங்குவா, திருவிழாவுல தொலைஞ்சு போன மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் கஞ்சியும் சூப்பும் மூத்திரப் பானையும் எல்லாம் அந்தத் திருகாணிப் படியில்தான். மேரியனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய முழங்கால்களுக்கு அதைவிட அதிகம்.

டென்ஸில் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு மேலே வந்தார்.

"ஒரு வழி இருக்கும்மா. நாங்க வழக்கமா செய்யறதுதான். நெஞ்சுல, இடுப்புல, முழங்கால்ல பட்டை போட்டு இறுக்கிக் கட்டிடுவோம். அப்புறம் ஸ்ட்ரெச்சரை நிமித்தி, நிக்க வச்ச வாக்குல..."

"வேண்டாம்."

"துணி போட்டு மூடித்தாம்மா இருக்கும். ஒண்ணும் தெரியாது."

"நிக்க வச்சு வேண்டாம்" என்றாள் மேரியன். "படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும். அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

சொல்லித்தான் இருந்தாள். நவம்பரில் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வந்தபோது அவரை ஒரு நாற்காலியில் வைத்துக் கட்டி இதே படியில் செங்குத்தாக இறக்கினார்கள். அவர் கத்திய கத்தல் இன்னும் அவள் காதில் இருந்தது. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நாற்பது வருஷம் குரலை உயர்த்தாத மனுஷன், "விழப்போறேன், மேரியன், விழப்போறேன்" என்று சின்னப்பிள்ளை போலக் கத்தினார். ஆஸ்பத்திரியில் நிதானம் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அடுத்த தடவை படுக்க வச்சுத்தான் இறக்கணும். நிக்க வைக்க விடாதே." சரிப்பா என்றாள். "சும்மா சொல்லாதே, சத்தியமா சொல்லு" என்றார். சத்தியமா என்றாள். அடுத்த தடவை எது என்று இருவருக்கும் தெரியும். அவர் அவளிடம் எதையும் கேட்டுப் பழகாதவர். கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் நெவில் லீட்ஸிலிருந்து போன் செய்தான். மத்தியான ரயிலில் வருகிறானாம்.

"என்ன, இன்னுமா இறக்கல?"

மேரியன் சொன்னாள்.

"நிக்க வச்சே கொண்டு போகச் சொல்லு, மேரி. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"நீ தூங்கி எத்தனை நாளாச்சு? தூக்கமில்லாதவ மாதிரி பேசாதே."

"தூக்கமில்லாதவதான். வேற எப்படிப் பேசணும்?"

போனை வைத்துவிட்டாள். கோபம் வரவில்லை. கோபப்பட உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். படியில் உட்கார்ந்து கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். டென்ஸிலும் கிளைவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவசரப்படுத்தத் தெரியாத ஆட்கள். அந்த நேரத்தில் அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

மேல்தளத்தின் கோடியில், பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி ஒரு துணி அலமாரி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "பக்கத்துல, எட்டாம் நம்பர் படி மேல்மாடி வரைக்கும் அகலமாவா வருது?" என்று கேட்டாள்.

"கடைசி வரைக்கும்மா. பியானோவே இறக்கலாம்."

"அந்த அலமாரிக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு. யுத்த காலத்துல கடற்படை ஆபீஸ்காரங்க இந்த ரெண்டு வீட்டையும் எடுத்துக்கிட்டாங்க. குண்டு விழுந்தா தப்பிக்கன்னு சுவரை உடைச்சு வழி போட்டாங்களாம். கீழே இருந்ததையெல்லாம் அப்புறம் செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க. மேல இருக்கறதுக்கு வெறும் பலகைதான்."

டென்ஸில் அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பக்கத்து வீட்டம்மா ஒத்துக்குவாங்களா?"

அதுதான் விஷயம். பக்கத்து வீட்டம்மா ஒத்துக்கொள்வது ஒரு பக்கம். கட்டிலில் கிடக்கிறவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

இருபது வருஷத்துக்கு முன்னால் வரிசை முழுவதும் முகப்பைக் கழுவினார்கள். தலைமுறை தலைமுறையாகப் படிந்த நிலக்கரிப் புகை, கல்லே கறுப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கழுவிப் பார்த்தால் உள்ளே தேன் நிறம். பதினோரு வீடு கழுவினார்கள். ஆம்ப்ரோஸ் மட்டும் மாட்டேன் என்றார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் எட்டாம் நம்பர் மிஸஸ் கார்ஸ்வெல். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஆம்ப்ரோஸ், "மூஞ்சியக் கழுவிட்டா ஆச்சா? கூரை ஒழுகுது, அதைப் பாருங்க" என்றார். அந்தம்மாள், "உங்க கரி மழையில கரைஞ்சு எங்க வீட்டு மேலதான் ஒழுகுது, மிஸ்டர் டோவி" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. இன்றைக்கும் அந்த வரிசையில் ஏழாம் நம்பர் மட்டும் சொத்தைப் பல் மாதிரி கறுப்பாக நிற்கிறது. சங்கத்திலிருந்து வருகிற கடிதங்களை அவர் பிரிக்காமலே அடுப்பில் போடுவார். "செத்தாலும் அந்தப் பொம்பள வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்பார். ஒரு தடவை இல்லை, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சொல்வார்.

மேரியன் எழுந்து உள்ளே போனாள். அப்பாவின் முகம் ஏற்கெனவே வேறு யாருடையதோ போல ஆகிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் அவருடையது.

"ரெண்டுல எது வேணும், சொல்லுங்க" என்றாள், மெதுவாக, வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்காமல். "ரெண்டையும் என்னால செய்ய முடியாது."

ஒன்று கோபத்தில் சொன்னது, இன்னொன்று பயத்தில் சொன்னது. கோபத்துக்கு அவரே இன்னொரு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

தெருவில் பிப்ரவரித் தூறல். மணியை அழுத்தக் கை வைக்கும் முன்னே எட்டாம் நம்பர் கதவு திறந்தது. மிஸஸ் கார்ஸ்வெல் முழுதாக உடுத்தி, தலை வாரி, முத்துமாலைகூடப் போட்டு நின்றாள். எண்பதை நெருங்கியவள், ஒரு முழங்கால் மடங்காது.

"குளிர் விடமாட்டேங்குது" என்றாள்.

"ஆமா, மிஸஸ் கார்ஸ்வெல். இந்த வருஷம் ரொம்பத்தான்."

"வண்டியைப் பார்த்தேன். அதுக்கு முன்னாலயே தெரியும். விடியக்காலை கேட்டுது. அதாவது..." அவள் நிறுத்தினாள். "கேக்கல. உங்கப்பா இருமல் கேக்கல. எழுந்து உட்கார்ந்துட்டேன்."

"அப்பதான் போனார்."

"ரொம்ப வருத்தமா இருக்கு, மேரியன்."

மேரியன் காலில் இருந்த கம்பளிச் சாக்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. செருப்பு போடாமலே இறங்கி வந்திருக்கிறாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கக்கூடாததுதான். இல்லைன்னு சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"கேளு."

அவள் சொன்னாள். படி, திருப்பம், நாற்காலி, சத்தியம், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பலகை. சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மிஸஸ் கார்ஸ்வெல் கேட்டு முடித்ததும் திரும்பித் தன் மாடிப்படியைப் பார்த்தாள். கிளிப்பச்சையில் புதுக் கம்பளம், ஒவ்வொரு படியிலும் பித்தளைக் கம்பி. அந்தப் பார்வையைப் பார்த்து மேரியன் இல்லை என்றுதான் அர்த்தம் என்று நினைத்தாள். பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"அந்தப் பலகை என் பக்கம் வெந்நீர்த் தொட்டி அலமாரிக்குள்ள இருக்கு" என்றாள் மிஸஸ் கார்ஸ்வெல். "படுக்கை விரிப்பெல்லாம் வெளிய எடுக்கணும். ஒரு பத்து நிமிஷம் கொடு."

"அவர் உங்க வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டே இருந்தார். நான் மறைக்க விரும்பல."

"தெரியும். எனக்குக் கேக்கணும்னே சத்தமா சொல்வார்." அந்தம்மாள் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள். "அவர் எங்க மிதிக்கப்போறார்? தூக்கிட்டுத்தானே போறாங்க."

மேரியனுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குச் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் வந்துவிட்டது. மிஸஸ் கார்ஸ்வெல் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்ததைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மேலே வந்து அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் காகிதம் ஒட்டிய பலகைகள். டென்ஸில் விரலால் தட்டிப் பார்த்துத் தயங்கினார். "பழைய கட்டடமாச்சே. ஆணி அடிக்கக்கூட நகராட்சி அனுமதி வேணும்பாங்களே. அப்புறம் நம்ம மேல கேஸ் வந்துடப்போகுது."

"யார் சொன்னா?" என்று பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"நீங்கதாம்மா சொன்னீங்க. ஐயாவை இறக்க வந்தப்ப, கைப்பிடியில கீறல் விழுந்தா நகராட்சிக்குப் பதில் சொல்லணும்னு."

அந்தப் பக்கம் எதையோ தேடி எடுக்கிற சத்தம் கேட்டது. "இது யுத்தத்துல அடிச்ச பலகை. இதுக்கு ஒரு சட்டமும் கிடையாது. திங்கக்கிழமை நானே எழுதிப் போட்டுக்கறேன். தள்ளுங்க."

கிளைவ் வண்டியிலிருந்து கடப்பாறை கொண்டுவந்தான். நெம்பியதும் முதல் பலகை லேசில் வந்துவிட்டது. இரண்டாவது பலகைக்குப் பின்னால் மிஸஸ் கார்ஸ்வெலின் முகம், கையில் ஒரு சுத்தியலோடு. அவளும் தன் பங்குக்கு அந்தப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முத்துமாலை மேலெல்லாம் தூசி.

எட்டாம் நம்பர் தரை முழங்கால் உயரம் கீழே இருந்தது. மேரியன் அந்த வழியாகக் குனிந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்த வீடு, இத்தனை வருஷத்தில் அதன் மேல்மாடியை அவள் பார்த்ததில்லை. கம்பளம் கீழ்மாடிகளோடு சரி. இங்கே வெறும் பலகைத் தரை, கூரையில் பெரிய ஈரக் கறை, அதற்கு நேர் கீழே ஒரு வாளி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வாளி. சொட்டுகிற சத்தம் கேட்டது.

மிஸஸ் கார்ஸ்வெல் அவள் பார்ப்பதைப் பார்த்தாள். "எல்லாம் முகப்புக்கே போயிடுச்சு. கூரை விஷயத்துல உங்கப்பா சொன்னது சரிதான். சங்கத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே."

ஆம்ப்ரோஸைப் போர்த்திக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் மட்டமாகக் கிடத்தி, டென்ஸில் தலைப்பக்கமும் கிளைவ் கால்பக்கமும் பிடித்தார்கள். அந்த வழியில் கிளைவ் முதலில் இறங்கி நின்றுகொண்டான். மேரியனும் ஒரு பக்கம் கை கொடுத்தாள். முழங்கால் உயரம் இறக்கும்போது ஒரு கணம் தலை உயர்ந்தது. "மட்டமா, மட்டமா" என்றாள் மேரியன். "இருக்கும்மா, மட்டமாத்தான் இருக்கு" என்றார் டென்ஸில். இருந்தது. அவர் வாழ்நாளில் இவ்வளவு நிதானமாக யாரும் அவரைக் கையாண்டிருக்க மாட்டார்கள்.

மிஸஸ் கார்ஸ்வெல் முன்னால் இறங்கினாள், மடங்காத காலை ஒவ்வொரு படியாக வைத்து. பின்னால் ஸ்ட்ரெச்சர், கடைசியில் மேரியன். படி அகலமாக, தாராளமாக, வளைய வேண்டிய இடத்தில் பெரிதாக வளைந்து இறங்கியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் டென்ஸில் கை மாற்ற நின்றார். எல்லோரும் நின்றார்கள்.

"என் வீட்டுக்காரர் ஹியூவை இதே இடத்துலதான் நிறுத்தினீங்க" என்றாள் மிஸஸ் கார்ஸ்வெல்.

"ஆமாம்மா. நல்ல இடம். கை மாத்த வாகா இருக்கும்."

அவள் மேரியனைப் பார்க்கவில்லை, ஸ்ட்ரெச்சரைப் பார்த்துத்தான் பேசினாள். "ஹியூ கடைசி வாரம் மேல்மாடியிலதான் படுத்திருந்தார். அங்கதான் வெயில் வரும். சின்னச் சத்தம்கூட அவருக்கு ஆகல. அந்த வாரம் முழுக்க பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமில்லை. ரேடியோ இல்லை. இருமலே இல்லை. அந்த இருமலை எப்படி அடக்கினார்னு எனக்குப் புரியல. அப்புறம் ஒரு ராத்திரி நான் தண்ணி குடிக்கக் கீழே சமையலறைக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம், உங்க நிலவறையில, அவர் இருமிக்கிட்டு இருந்தார். அங்க வந்து உட்கார்ந்து இருமியிருக்கார், பாவம். அத்தனை படி இறங்கி."

மேரியனுக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. அப்பா நாற்காலியை நிலவறைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டதற்கு, "மேல காத்து வருது" என்றார். புத்தி தடுமாறுகிறது என்று அவள் நெவிலுக்குப் போன் செய்து அழுதாள். வயசானா அப்படித்தான் என்றான் அவன்.

"எங்கிட்ட சொல்லல" என்றாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னாரா? நான் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் ரெண்டு வருஷம் போயிடுச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். "போகலாமா, டென்ஸில்?"

"போகலாம்மா."

மேரியன் அப்போதுதான் அழுதாள். விடியற்காலையில் கண்ணை மூடியபோது வரவில்லை, டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டபோது வரவில்லை. இப்போது பக்கத்து வீட்டுக் கிளிப்பச்சைக் கம்பளத்தில் ஈரச் சாக்ஸோடு இறங்கிக்கொண்டே, ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை எடுக்காமல், மூக்கு வழிய வழிய அழுதாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அந்த ஊர் மரியாதை.

வாசலில் டென்ஸில் வண்டியைச் சரியாக எட்டாம் நம்பர் முன்னால் நகர்த்தியிருந்தார். ஸ்ட்ரெச்சர் மட்டமாகவே உள்ளே போனது. கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்கள். எதிர்ச்சாரியில் நாயோடு போன ஒருவர் நாயையும் நிறுத்தி, தானும் நின்றார். வண்டி மெதுவாகக் கிளம்பி, வரிசையின் கோடி வரை நடக்கிற வேகத்திலேயே போய்த் திரும்பியது.

மேரியன் தன் வீட்டுக் கதவுக்குப் போய்த் தள்ளினாள். அசையவில்லை. பலகை எடுத்ததும் வண்டியை நகர்த்த வந்த டென்ஸில் அக்கறையாக இழுத்துச் சாத்திவிட்டு, எட்டாம் நம்பர் வழியாக மேலே திரும்பியிருக்கிறார். தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. சாவி உள்ளே சமையலறை ஆணியில் தொங்கியது. இன்னொரு சாவி அப்பாவின் கோட்டுப் பையில், மேல்மாடியில்.

"பூட்டிக்கிச்சு" என்றாள்.

மிஸஸ் கார்ஸ்வெல் எட்டாம் நம்பர் வாசலில் நின்று யோசித்தாள். "அப்ப என் வழியாத்தான் போகணும். மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி."

"ஆமா."

மேரியன் திரும்பி எட்டாம் நம்பருக்குள் வந்து படியின் கீழே நின்று மேலே பார்த்தாள். ஒரு படியில் காலைத் தூக்கி வைத்தாள். அடுத்த கால் வரவில்லை. வலி ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷமாக மேலே யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், கால் தானாக ஏறியது. இப்போது மேலே யாரும் இல்லை என்பது காலுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே அந்தக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரம் இப்படி இருந்துட்டுப் போறேனே, மிஸஸ் கார்ஸ்வெல்."

"இரு."

மிஸஸ் கார்ஸ்வெல் கோட்டு மாட்டியிலிருந்து தன் கம்பளிக் கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டாள். பிறகு மூலையில் இருந்த கைத்தடியை எடுத்து, மறு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேரியனைத் தாண்டி, மடங்காத காலை முதல் படியில் வைத்தாள்.

"நீங்க எங்க போறீங்க?"

"கதவைத் திறக்கத்தான்."

"ஐயோ, வேண்டாம். உங்க முழங்கால்..."

"நீ சும்மா உட்காரு."

அவள் ஏறினாள். கம்பளத்தில் காலடி கேட்கவில்லை, கைத்தடி பித்தளைக் கம்பியில் படுகிற சத்தம் மட்டும் மேலே மேலே போனது. பிறகு வெறும் பலகையில் நடை. முழங்கால் உயரம் ஏற வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு மூச்சு, ஏதோ உருளுகிற சத்தம், "சனியன்" என்று ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம். அங்கே நடை நின்றுவிட்டது. அப்பாவின் அறைக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மேரியன் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைச் சுவரில் சாய்த்தாள்.

பிறகு திருகாணிப் படியில் ஒரு கால் வைக்கிற சத்தம். நின்று, இன்னொரு கால். அந்த வீட்டுப் படியில் அவளுக்காக யாரோ இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மரப்படி முடிந்து கல் படி வந்தது, ஒரு மாடி, நின்று மூச்சு வாங்கி இன்னொரு மாடி. கடைசியாகத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தமும், மழை ஈரத்தில் ஊறிய கதவு தரையை உரசித் திறக்கிற சத்தமும் கேட்டன.

"மேரியன்" என்று தெருவிலிருந்து குரல் வந்தது. "திறந்தாச்சு."

எழுந்து போக வேண்டும் என்றுதான் நினைத்தாள். சாக்ஸிலிருந்து ஈரம் அந்தக் கிளிப்பச்சைக் கம்பளத்தில் இறங்கி, மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.